வீட்டு வளவில் கொல்லுவேலை பழகத் தொடங்குவது எப்படி?

திருகோணமலையில் வீட்டு வளவிலேயே கொல்லுவேலையை, அதாவது இரும்பைச் சூடாக்கி அடித்துப் பொருள் செய்வதை, பொழுதுபோக்காகப் பழக என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டியவை குறைவு: மண் பூசிய சிறு உலை, காற்றூதி, ஒரு கிலோ சுத்தியல், நீண்ட குறடு, கண்களைக் காக்கும் கண்ணாடி, சூடான இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லாக ஒரு கனத்த இரும்புக்கட்டி. சிரட்டைக்கரியே போதிய சூட்டைத் தரும்.

உண்மையில் பழக வேண்டியது இரும்பின் நிறத்தைப் படிப்பதுதான். ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில், செம்மஞ்சளாக ஒளிரும்போது மெல்லுருக்கு (கரிமம் குறைந்த உருக்கு) அடிக்கு இசைந்து கொடுக்கும். நிறம் மங்கிய பின்னும் அடித்துக்கொண்டே இருந்தால் வெடிப்பு விழலாம், வெண்சூட்டில் பொறி பறக்கத் தொடங்கினாலோ இரும்பே எரிகிறது என்று பொருள். வெயிலில் இந்த வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரியா. கம்மாலைகள் (கொல்லர் பட்டறைகள்) இருண்டிருப்பதற்குக் காரணம் அதுவே. ஆகவே காற்றோட்டமுள்ள கூரை நிழலில் உலையை அமையுங்கள்.

எல்லோரும் கத்தியில்தான் தொடங்க விரும்புகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் ஆணி, கொளுக்கி செய்யுங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய்களை உலையில் வைக்கவே வேண்டாம், அவற்றின் புகை காய்ச்சலை உண்டாக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் பொறி அயல் வேலிவரை பறக்கும். அந்நாள்களில் உலை மூட்டாதிருப்பது நல்லது. கடற்காற்றில் துரு விரைவாகப் பிடிக்குமென்பதால், செய்த பொருள் இளஞ்சூடாக இருக்கும்போதே தேன்மெழுகு பூசிவிடுங்கள்.