ராக்கெட் ஏவும் நாளின் வானிலை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கே: வெயில் பளீரென்று அடிக்கிறது, ஆனாலும் தள்ளிப் போடுகிறார்களே, ஏன் சார்?

ப: பெரும்பாலும் மேலே அடிக்கிற காற்றுதான் காரணம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், கொஞ்ச தூரத்துக்குள் காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறினால் ஒல்லியான, நீளமான ராக்கெட்டுக்கு அந்தப் பக்கவாட்டு உதை ஆபத்து. அதனால் ஏவும் நாளில் பலூன் மேல் பலூனாக விட்டு அளந்துகொண்டே இருப்பார்கள்.

கே: ராக்கெட் மேல் மின்னல் விழ வாய்ப்பு அவ்வளவு அதிகமா?

ப: இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். மின்னல் தானாக வந்து விழுவதைவிட ராக்கெட்டே அதை வரவழைப்பதுதான் பெரிய பயம். உலோக உடலும் பின்னால் நீளும் நெருப்பும் சேர்ந்து ஒரு நீண்ட கம்பி மாதிரி ஆகிவிடும், அது மின்னூட்டம் உள்ள மேகத்துக்குள் போனால், அதுவரை ஒரு மின்னல்கூட வெட்டாத மேகமும் வெட்டிவிடும். 1969 நவம்பர் 14 அன்று நிலவுக்குப் போன அப்போலோ 12 கிளம்பிய 36-வது நொடியில் ஒரு மின்னல், 52-வது நொடியில் இன்னொன்று. கட்டுப்பாட்டு அறைத் திரையில் எண்கள் எல்லாம் தாறுமாறு. ஜான் ஆரன் என்ற இளம் பொறியாளர் அதே மாதிரிக் குளறுபடியை முன்பு ஒரு சோதனையில் பார்த்திருந்தார், எந்த சுவிட்சை மாற்ற வேண்டும் என்று உடனே சொன்னார், பயணம் தப்பியது. 1987 மார்ச் 26 அன்று அட்லஸ்-சென்டார் என்ற அமெரிக்க ராக்கெட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மின்னல் அதன் கணினி நினைவகத்தையே மாற்றிவிட, ராக்கெட் திடீரென்று திரும்பி உடைந்து போனது. அதற்கப்புறம்தான் விதிகளை இன்னும் இறுக்கினார்கள்.

கே: என்ன விதி?

ப: நிறைய. ஒன்று சொல்கிறேன்: அமெரிக்காவில், ராக்கெட் போகும் பாதையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டருக்குள் மின்னல் வெட்டினால் பொதுவாக 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கே: வானிலை அறிக்கையில் “60% சாதகம்” என்றால்?

ப: ஏவும் நேரத்தில் எந்த வானிலை விதியும் மீறப்படாமலிருக்க 60% வாய்ப்பு, அவ்வளவுதான். அமெரிக்க ஏவுதளமான கேப் கனாவெரலின் அறிக்கையில் உயரக் காற்று இந்தக் கணக்கில் சேராது, அதைத் தனியாகப் போடுவார்கள்.

கே: கொஞ்ச நேரம் பொறுத்து ஏவக் கூடாதா?

ப: விண்வெளி நிலையத்தைப் பிடிக்கப் போகிற ராக்கெட் என்றால் பெரும்பாலும் குறித்த அந்த ஒரு நொடிதான், அதை விட்டால் வேறு நாள்தான். 2020 மே 27 அன்று நிலையத்துக்குப் போகும் க்ரூ டிராகன் விண்கலத்தில் இருவர் உட்கார்ந்து, எரிபொருள் ஏறிக்கொண்டிருந்தபோது, கிளம்பச் சுமார் 17 நிமிடமே இருந்த நேரத்தில், வானிலையால் நிறுத்தினார்கள். 30-ஆம் தேதி கிளம்பினார்கள்.