கணினி கேள்வி–பதில்: 170 வாட்டா, 115 வாட்டா?

கேள்வி: செல்லூரில் திருமண வீடியோ எடிட்டிங் நிலையம் நடத்துகிறேன். 4கே பதிவுகளை டாவின்சி ரிசால்வில் தொகுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது கணினி முழு வேகத்தில் ஓடும். மதர்போர்டு பழையது. ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி), ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி) ஆகிய இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் ஒன்றை வாங்க டவுன்ஹால் ரோட்டில் விசாரித்தேன். ஒரு கடைக்காரர், "4060 கரண்ட்டே இழுக்காது, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றார். அடுத்த கடைக்காரர், "மெமரி கூட இருப்பதுதான் நின்று உழைக்கும்" என்றார். யார் சொல்வது சரி?
— வாசகர், செல்லூர், மதுரை

பதில்: இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு, உங்கள் வேலை என்னவென்று இருவருமே கேட்கவில்லை என்பதுதான் குறை.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். முழு வேகத்தில் 3060-க்கு, இந்தச் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா குறிப்பிடும் அளவு 170 வாட், 4060-க்கு 115 வாட். 2021 பிப்ரவரியில் வந்த 3060-இன் சில்லு சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் உருவானது. 2023 ஜூனில் வந்த 4060-இன் சில்லோ, டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் வகையைச் சேர்ந்த நுட்பமான முறையில் உருவானது. அதனால்தான் 3060-இல் கணக்குப் போடும் சிறு அலகுகளான கூடா கோர்கள் 3584 இருக்க, 4060-இல் 3072 மட்டுமே இருந்தும், அவை 1.78 கிகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 2.46 கிகாஹெர்ட்ஸில் ஓடி, குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வேலையை முடிக்கின்றன. 1080பி அளவில் விளையாடுபவர்களுக்கு 4060 ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் வேகமாக இருக்கும்.

இந்த 55 வாட் வித்தியாசம் பில்லில் எவ்வளவு ஆகும்? ஆறு மணி நேரத்துக்கு 330 வாட்மணி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மாத பில்லில் ஒருநாள்கூட விடுமுறை இல்லாமல் ஓட்டினாலும் 20 யூனிட்தான் வரும்; யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 160 ரூபாய். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் ஏது? ஆகவே ஆண்டு முழுவதும் கூட்டினாலும் ஆயிரம் ரூபாயைத் தொடாது. "கரண்ட்டே இழுக்காது" என்ற பேச்சுக்குக் கடையில் இருக்கும் எடை பில்லில் இல்லை.

வாட் என்பது அந்தந்த நொடியின் கணக்கு. நாம் பணம் கட்டுவது வாட்டையும் நேரத்தையும் பெருக்கி வரும் யூனிட்டுக்கு. எனவே ஒரு வேலையை முடிக்க மொத்தம் எவ்வளவு ஆகிறது என்றுதான் ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் 3060 முடிக்கும் வேலையை 4060 ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தால், முன்னதற்கு 170 வாட்மணியும் பின்னதற்கு 100 வாட்மணியும் செலவாகும். இந்தக் கணக்கில் 4060 இன்னும் நன்றாகவே தெரிகிறது, மெமரி நிரம்பாத வரை.

உங்கள் வேலையில் அது நிரம்பும். 4கே டைம்லைனில் இருட்டு மண்டபத்தில் எடுத்த காட்சிக்கு, படத்தில் தெரியும் புள்ளி மாசை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, அதன்மேல் இரண்டு மூன்று எஃபெக்ட் அடுக்கினால், 8 ஜிபி மெமரி போதாமல் ரெண்டர் பாதியில் நிற்பதையோ ஊர்வதையோ பார்க்கலாம். நிரம்பி வழிவது கணினியின் ராமுக்குப் போகும். அங்கே போகும் பாதை மிகவும் குறுகலானது. 4060-இன் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிபி தரும். ஆனால் அந்தக் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் எட்டுதான் உண்டு. உங்களுடையதைப் போன்ற பழைய, மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள மதர்போர்டில் அவை நொடிக்கு 8 ஜிபிகூடத் தருவதில்லை. நான்கு மாசி வீதிகளின் போக்குவரத்தையும் ஒரு சந்துக்குள் திருப்பிவிட்டதைப் போன்றதுதான் இது. அப்படிக் காத்திருக்கும்போது கார்டு குறைவாகவே இழுக்கும் என்றாலும், பிராசஸரும் மானிட்டரும் அறையின் ஏசியும் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 3060-இல் 12 ஜிபி மெமரி, நொடிக்கு 360 ஜிபி வேகம், பதினாறு பாதைகள்.

ஆகவே நீங்கள் 3060-ஐ எடுங்கள். ஆனால் பெட்டியில் 12 ஜிபி என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 2022 இறுதியில் இதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் வந்தது, அதில் மெமரியின் வேகமும் நொடிக்கு 240 ஜிபியாகக் குறைந்துவிட்டது. விலை குறைவாகச் சொல்கிறார்களே என்று மகிழ்ந்து அதை எடுத்துவிடாதீர்கள். 4060-இல் கூடுதலாக, ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவில் கோப்பை எழுதும் என்கோடர் இருப்பது உண்மை; ஆனால் பென்டிரைவை டிவியில் செருகிப் பார்க்கும் பெண் வீட்டாருக்கு எச்.264 கோப்புதான் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கேமரா, நிற விவரங்களைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2, 10 பிட் முறையில் பதிவு செய்வதானால், டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதை இந்த இரண்டு கார்டுகளில் எதுவும் தீர்க்காது, ஏனெனில் அந்த வகையைப் பிரித்துப் படிக்கும் வசதி இரண்டிலும் இல்லை. எச்இவிசி (எச்.265) கோப்பானால், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசஸர் அதைப் படித்துவிடும். பெயரின் முடிவில் 'எஃப்' எழுத்து உள்ள பிராசஸரில் அந்த வசதி கிடையாது.

170 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் இறங்கும் என்பதால், சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமல்ல. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் கார்டு 136 வாட்டில் நிற்கும். வேகம் குறைவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான். சில்லின் வேகத்தைக் கடைசிப் படிக்கு ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தக் கடைசிப் படியில்தான் மின்சாரம் வீணாகிறது. செல்லூரில் தறி ஓடும் தெருவானால் பஞ்சுத் தூசியையும் கவனியுங்கள். அது விசிறிக்குப் பின்னால் உள்ள அலுமினியத் தகடுகளின் இடையே மெத்தைபோலப் படிந்துவிடும். மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுங்கள்; ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். 65 வாட் பிராசஸர், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி), 600 விஏ யூபிஎஸ் வைத்திருக்கிறேன். விளையாட்டுக்காக 4060 வாங்கலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வாங்கலாம். உங்களுக்கு 3060 வேண்டாம். என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று சொன்னாலும், உங்கள் கணினி முழுவதும் சேர்ந்து 250 வாட்டைத் தாண்டுவது அரிது. நல்ல தரமான 450 வாட் போதும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். கார்டுக்கு வேண்டிய எட்டு முள் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். கன்வெர்டர் போட்டு ஒப்பேற்றினால் பிளாஸ்டிக் உருகும் வாடைதான் முதலில் வரும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மின்தடை வந்ததும் விளையாட்டைச் சேமித்து மூடுவதற்கு மட்டும் அதை நம்புங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றப் பணம் இல்லையென்றால், தனிக் கேபிளே தேவைப்படாத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 (6 ஜிபி) இருக்கிறது. வேகத்தில் அது 4060-க்கு வெகுதூரம் பின்னால்தான்.