காரில் விட்டுவந்த ரிவால்வர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டெக்சாஸில் துப்பாக்கி உரிமத்துக்கு வகுப்பு எடுப்பவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மனச்சாட்சியைப் பற்றியவை.

உயிருக்கு ஆபத்து வரலாம் என்று மனம் சொல்லும்போது, "துப்பாக்கி கூடாது" என்ற பலகையை நான் ஏன் மதிக்க வேண்டும்? (ஹூஸ்டன் வாசகர்)

இதைக் கேட்பவர்கள் மனத்தில் பெரும்பாலும் கில்லீன் நகரம் இருக்கும். 1991 அக்டோபர் 16 அன்று, அங்குள்ள லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதி நுழைந்து சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள். சாப்பிட வந்திருந்த சுசானா ஹப்பின் கைப்பையில் ரிவால்வர் இல்லை. மறைத்து எடுத்துச் செல்ல அன்றைய மாநிலச் சட்டம் இடம் தராததால், அதைக் காரிலேயே விட்டுவந்திருந்தார். தாய், தந்தை இருவரையும் அன்று பறிகொடுத்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டதற்காகப் பின்னர் வெளிப்படையாகவே வருந்தினார். சட்டத்தை மாற்றப் போராடினார். 1995-இல் டெக்சாஸ் அதை மாற்றியது. அடுத்த ஆண்டு அவரே தேர்தலில் வென்று மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்.

அவர் வருத்தத்தில் குறை காண எனக்கு மனம் வராது. ஆனால் அதை உங்களுக்குச் சாக்காக்காதீர்கள். அவருக்கு அன்று மாநிலம் முழுவதும் கதவு மூடியிருந்தது. உங்களுக்கு மூடியிருப்பது ஒரு கடை. பிடிக்கவில்லையென்றால் எதிர்க்கடையில் வாங்குங்கள்.

மறைத்து வைத்தால் யாருக்கும் தெரியாது. இதுவும் ஒருவகைச் சட்டமறுப்புதானே?

இல்லை. 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் அதை மடியில் ஒளித்துக்கொண்டு வீடு திரும்பவில்லை. ஊரறிய அள்ளினார்கள், சிறைக்குப் போனார்கள். நீங்கள் சொல்வது, டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் போய்விட்டுக் கட்டண உயர்வை எதிர்த்தேன் என்பதைப் போல இருக்கிறது.

தற்காப்புக்காகச் சுட்டேன் என்று நிரூபித்தால் போதாதா? (நியூயார்க் வாசகர்)

உங்கள் ஊர் வழக்கே இருக்கிறது. 1984 டிசம்பரில் பெர்ன்ஹார்ட் கோட்ஸ் என்பவர் சுரங்க ரயிலில் நான்கு இளைஞர்களைச் சுட்டார். 1987-இல் ஜூரி அவரைக் கொலைமுயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்குச் சிறை. முடங்கிப்போன இளைஞர் ஒருவர் தொடுத்த சிவில் வழக்கில், 1996-இல் 4.3 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பும் வந்தது.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். இரவுப்பணி முடிந்து தனியாகக் கார் வரை நடக்க வேண்டும். தோழியின் துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அம்மா. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. பிடிபட்டால் சிறையோடு நிற்காது, நாட்டை விட்டே அனுப்பிவிடலாம். காவலாளியைக் கார் வரை துணைக்கு வரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நீங்கள் ஒருமுறைகூட மீறியதில்லையா?

மீறப் பார்த்தேன். நண்பரின் பிறந்தநாள், நல்ல மழை. இரண்டு தெரு தள்ளித்தான் காரை நிறுத்த இடம் கிடைத்தது. மதுக்கூட வாசலில் சிவப்பு எழுத்தில் 51% பலகை. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் இடம் என்று பொருள். துப்பாக்கியோடு நுழைவது குற்றம். என்னுடையது இடுப்பில், சட்டைக்கு அடியில் இருந்தது. ஒரு நிமிடம் போல நின்றேன். பிறகு திரும்பி நடந்து, இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே போனபோது கேக் தீர்ந்திருந்தது.