டெண்டர் மதுரையிலிருந்து போனது. வழக்கையும் மதுரையில் போடலாமா?

மதுரையில் பட்டறை வைத்திருக்கும் வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். குஜராத்தில் உள்ள ஒரு மத்திய அரசு நிறுவனம், சான்றிதழ் ஒன்று குறைகிறது என்று இவர் டெண்டரைத் தள்ளிவிட்டது. வேலை அவர்களுக்கு வேண்டியவருக்குப் போய்விட்டது, அதிகாரி போனில் மரியாதையில்லாமல் பேசினார், டெண்டரோடு கட்டிய மூன்று லட்சம் முன்வைப்புத் தொகை (இஎம்டி) இன்னும் திரும்பவில்லை என்கிறார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் (அரசு அமைப்புக்கு ஆணையிடக் கேட்கும் மனு) போடலாமா என்பது கேள்வி.

அதிகாரி பேசியதை விடுங்கள். நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது ஒரு வரிதான்: "விளம்பரத்தை இங்கே பார்த்தேன், இங்கிருந்தே அனுப்பினேன்."

டெல்லியில் இருக்கும் தேர்தல் ஆணையத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட முடியாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சிரமத்தைத் தீர்க்க 1963இல் வந்த திருத்தம்தான் அரசியல் சாசனத்தின் இன்றைய 226(2). வழக்கு மூலம், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள், 'முழுமையாகவோ பகுதியாகவோ' எழுந்த இடத்து உயர் நீதிமன்றம் விசாரிக்கலாம். இந்தப் 'பகுதி'யைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஜெயிக்க எதை நிரூபிக்க வேண்டுமோ அதில் ஒரு பகுதி இங்கே நடந்திருக்க வேண்டும். உங்களுக்கு நடந்ததெல்லாம் பகுதி ஆகாது. குஜராத்தின் ஹசீராவில் உள்ள ஆலையின் டெண்டர் ஒன்றில் விளம்பரத்தைக் கல்கத்தாவில் படித்து அங்கிருந்தே விண்ணப்பித்த நிறுவனத்துக்கு, கல்கத்தாவில் வழக்கு நிற்காது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. உங்கள் கதை அதன் நகல். போதாததற்கு, சிறு பகுதி இங்கே எழுந்தாலும், பொருத்தமான நீதிமன்றம் வேறு என்று அனுப்பிவிடலாம் என 2004இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

நான் பயப்படுவது முதல் நாள் தோற்பதற்கு அல்ல, முதல் நாள் ஜெயிப்பதற்கு. என் கட்சிக்காரர் ஒருவருக்கு இடைக்காலத் தடை கிடைத்தது, ஸ்வீட் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். எதிர்மனுவின் இரண்டாவது பத்தியிலேயே அதிகார வரம்பு ஆட்சேபணை இருந்தது. தடை விலகி, இரண்டு வருடம் கழித்து 'உரிய நீதிமன்றத்தை நாடலாம்' என்று மனு தள்ளுபடி. அதற்குள் வேலை முடிந்து பில்லும் பாஸாகிவிட்டது. அப்புறம் எங்கே போனாலும் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விதான்.

போராடியே தீர வேண்டுமென்றால் இந்த வாரமே அகமதாபாத்தில் வக்கீல் பாருங்கள். என்னைக் கேட்டால், காண்டிராக்டை மறந்துவிட்டு இஎம்டியை மட்டும் கேட்டு வாங்குங்கள். பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம், பேங்க் கணக்கு விவரத்தோடு. அதில் அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஃபைல் அவர் மேஜை வழியாகத்தான் போகும்.