சைக்கிளில் கூடாரத்தோடு ஊர் சுற்றப் போகும்போது இசைக்கருவியையும் எடுத்துப் போகலாமா?

புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் வரை மூன்று நாள் சைக்கிளில் போகப்போவதாகவும், வயலினைக் கொண்டு போவதா, சின்னக் கருவி எதையாவது எடுத்துக்கொள்வதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வயலினை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆனால் வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள்.

நான் கடலூர்க்காரன். தை, மாசியில் இரண்டு நாள் லீவு கிடைத்தால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு புல்லாங்குழலும், ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சின்னத் தோல்கருவியான கஞ்சிராவும் கூடவே வரும். எல்லோரும் முதலில் எடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் குழலும் கஞ்சிராவும் சேர்ந்தாலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கனம் வராது. கருவியைக் கெடுப்பது வெயிலும் ஈரமும் அதிர்வும்தான். நம் கடற்கரையில் மூன்றும் ஒரே நாளில் வந்து சேரும். பகலில் தார் ரோட்டுச் சூடு, சாயங்காலம் உப்புக் காற்று, விடியற்காலையில் பனி. வயலினை வேண்டாம் என்பதும் இதனால்தான். அதன் மூட்டுகளைப் பெரும்பாலும் வஜ்ஜிரம் என்ற, மிருகத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் வஜ்ஜிரம் இளகி, மூட்டு வாய் பிளக்கும்.

ஒரு நல்ல குழலை இழந்துதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். ஒரு மார்ச் மாதம், அரியாங்குப்பத்தில் சாப்பிட நிறுத்தினோம். துணிப்பையில் போட்ட குழல் கேரியரிலேயே வெயிலில் கிடந்தது. முக்கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து எடுத்துப் பார்த்தால், ஊதும் துளையிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. மூங்கில் காய்ந்து சுருங்கினால் நார் போகும் வழியிலேயே விரிந்துவிடும். ஃபெவிக்விக் விட்டு நூல் சுற்றிப் பார்த்தேன். மேல் ஸ்தாயி வந்தது, கீழே இருந்த அந்த நிறைவான ஒலி திரும்ப வரவே இல்லை.

இப்போது குழலை பி.வி.சி. பைப்பில்தான் வைக்கிறேன். ஹார்டுவேர் கடையில் 2 அங்குலப் பைப்பைக் குழலைவிட ஒரு சாண் நீளமாக வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்க மூடியை ஒட்டிவிடலாம், இன்னொரு பக்கம் திருகு மூடி. குழலைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு முனையிலும் துணியை உருட்டி அடைத்தால் உள்ளே ஆடாது. உச்சி வெயிலில் பைப்பின் மேல் ஈரத்துணி சுற்றினால் சூடு குறையும். சாப்பிட இறங்கினால் பைப்பையும் கையோடு கொண்டு போங்கள். பின் கேரியரில் கட்ட வேண்டாம், பள்ளத்தில் விழும் அடி முழுக்க அங்கேதான் இறங்கும். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் பாரோடு சேர்த்து, பழைய டியூபை நாடாவாக வெட்டிக் கட்டுங்கள். ரப்பர் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

கஞ்சிராவைப் பற்றி ஒரு ராத்திரியைச் சொல்லியே ஆகவேண்டும். பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத்தோப்பில் அனுமதி கேட்டுக் கூடாரம் போட்டிருந்தோம். சத்தம் கேட்டுத் தோப்புக்காரர் டார்ச்சோடு வந்தார். கஞ்சிராவை வாங்கி, உள்பக்கம் பாலிஷ் இல்லாத இடத்தில் வெளிச்சம் அடித்து, நகத்தால் லேசாகச் சுரண்டினார். மரம் மஞ்சளாகத் தெரிந்தது.

"தம்பி, இது பலா. நம்ம மரம்."

ஆமாம் ஐயா, மிருதங்கமும் வீணையும்கூடப் பலாதான் என்றேன். தஞ்சாவூரில் வீணை செய்யப் பண்ருட்டிப் பலா போவதை அவரே சொன்னார். அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

அதற்குள் பனி இறங்கி ஆட்டுத்தோல் தொய்ந்துபோய், தட்டினால் பொத்தென்று விழுந்தது. சாதாரணமாக நாதம் கனமாக வரட்டும் என்று தோலின் உள்பக்கம் நாமே தண்ணீர் தடவுவோம். அன்றைக்கு ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை. "பறையைக் காய்ச்சுற மாதிரி காய்ச்சிப் பாருங்க" என்று அவரே சருகைக் கூட்டிப் பற்ற வைத்தார். ஒரு கை தூரத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டியதும் தோல் ஏறிக்கொண்டது. பக்கத்தில் கொண்டு போனால் கிழிந்துவிடும், கவனம்.

உடும்புத்தோல் கஞ்சிராவின் நாதமே தனிதான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம், அந்தப் பக்கமே போகாதீர்கள். பனிக்காலத்தில் போவதென்றால் சிந்தெடிக் தோல் போட்டதை வாங்குங்கள், அது ஈரத்துக்கு அசையாது.

வாயில் வைத்து விரலால் மீட்டும் மோர்சிங் வாசிப்பவராக இருந்தால் அதைவிடச் சௌகரியம் எதுவும் இல்லை, சட்டைப்பையே போதும். இரும்பு என்பதால் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அது பாய்மரம் மாதிரி ஆளையே தள்ளும்.

அப்புறம் ஒன்று. மீனவ ஊர்களுக்குப் பக்கத்தில் தங்கினால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வாசியுங்கள். விடிவதற்கு முன்பே கடலுக்குப் போகிறவர்கள், சீக்கிரம் படுத்துவிடுவார்கள். நான் எட்டு மணிக்கெல்லாம் குழலைப் பைப்பில் போட்டு மூடிவிடுவேன்.