செய்ய வேண்டிய வேலையை எங்கே எழுதி வைப்பது?

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம் 14 தையல் மெஷின் வைத்து, ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட் நடத்தும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி சொன்ன டெலிவரி தேதி வாட்ஸ்அப்பில் இருக்குதுங்க. டெய்லருக்குக் கொடுத்த அட்வான்ஸ் டைரியில். எலாஸ்டிக் வாங்க வேண்டிய அளவு பில்லுக்குப் பின்னால். போனில் ஒரு ஆப்பில் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். போன் மாற்றியதும் பாதிக்கு மேல் காணோம். மாமனார் 2004 வாக்கில் கம்ப்யூட்டரில் அடித்து வைத்த பார்ட்டி விவரங்களைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தாகக் கன்னாபின்னாவென்று வருகிறது. கோயமுத்தூரில் படிக்கும் மகன் 'வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும்மா, ஆர்க் மோடு கற்றுக்கொள்' என்கிறான். வீட்டுக்காரர் டைரியே போதும் என்கிறார். எதைக் கேட்பதென்று ஒரே வெசனமாக இருக்குதுங்க."

அன்புள்ள சகோதரிக்கு,

டெக்ஸ்ட் ஃபைல் என்று உங்கள் மகன் சொன்னது சரி. ஆர்க் மோடு இப்போது உங்களுக்கு வேண்டாம். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் ஆய்வாளர் குறிப்பும் வேலைப் பட்டியலும் எழுதி வைக்க 2003இல் தொடங்கிய அருமையான கருவி அது. ஆனால் ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குள் இயங்குவது. கீபோர்டில் விரல் பழகியவர்களுக்கானது. கட்டிங் பண்டலை எண்ணிக்கொண்டே ஒரு கையால் போனில் எழுதும் உங்களுக்கு அது பாரம்தான். மகன் தன் படிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும்.

டெக்ஸ்ட் ஃபைலில் எழுத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. கலர் கிடையாது, பட்டன் கிடையாது. அதனால்தான் எந்தப் போனிலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது. ஆப்பை நடத்துகிறவர் நாளைக்குக் கடையை மூடினாலும் உங்கள் எழுத்து உங்களிடமே இருக்கும். அளவைப் பற்றியும் கவலை வேண்டாம். தமிழில் ஒரு பக்கம் எழுதினால் ஆறு கிலோபைட் அளவுக்கு வரும். 500 பக்கம் எழுதினாலும் சுமார் 3 எம்பிதான். நீங்கள் பார்ட்டிக்கு அனுப்பும் ஒரு சாம்பிள் போட்டோவே சில சமயம் அதைவிடப் பெரிது.

இரண்டே ஃபைல் போதும். ஒன்றுக்கு 'வேலை' என்று பெயர் வையுங்கள், இன்னொன்றுக்கு 'விவரம்'. தேதிக்குள் செய்ய வேண்டியதெல்லாம் முதல் ஃபைலில். பார்ட்டியின் பீஸ் ரேட், மெக்கானிக் நம்பர், எந்த மாடலுக்கு எவ்வளவு எலாஸ்டிக் போன்ற, அடிக்கடி பார்க்க வேண்டியதெல்லாம் இரண்டாவதில். தலைப்புக்கு ஒன்றாக இருபது ஃபைல் வைத்தால், எதில் எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். இப்போது உங்களுக்கு இருக்கும் தொல்லையே அதுதானே?

வேலை ஃபைலில் ஒரு வேலைக்கு ஒரு வரி. 2006இல் ஜினா டிரபானி உருவாக்கிய டூடூ டாட் டெக்ஸ்ட் என்ற முறையைத்தான் உங்களுக்காகச் சற்று மாற்றிச் சொல்கிறேன்:

2026-03-11 ஜிஎஸ்டிஆர்-1, ஆடிட்டருக்கு பில் அனுப்பணும் #கணக்கு
2026-03-14 கைமடிப் பெண்ணுக்கு மீதி அட்வான்ஸ் கழிக்கணும் #சம்பளம்
2026-03-15 பிஎஃப், இஎஸ்ஐ கட்டணும் #கணக்கு
2026-03-18 காங்கயம் ரோட்டு பார்ட்டிக்கு 600 பீஸ் டெலிவரி #டெலிவரி

வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசை மாறக் கூடாது. நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால், கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும்போது பிப்ரவரி 3க்கும் ஏப்ரல் 3க்கும் அடுத்தடுத்து இடம் கொடுத்துவிடும். வருடம் முன்னால் வந்தால் அதுவே காலவரிசையாகும். மாதமும் நாளும் இரண்டு இலக்கமாகவே இருக்கட்டும்: 3 அல்ல, 03. வேலை முடிந்ததும் வரியின் தொடக்கத்தில் 'மு' என்று போடுங்கள். எண்ணுக்குப் பிறகுதான் எழுத்து வரும் என்பதால், வரிசைப்படுத்தும்போது முடிந்தவை எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். அழிக்காதீர்கள். 'அந்த டெலிவரி என்றைக்குக் கொடுத்தோம்?' என்று பார்ட்டி கேட்கும் நாள் வரும்.

அடுத்து தேடல். தமிழில் எழுதுகிறவர்கள் சலித்துப்போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'நூல்' என்று தேடினால் 'நூலை', 'நூலுக்கு' என்று எழுதிய வரிகள் பெரும்பாலும் வராது. ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு 'ல்' என்பது ல-வும் அதன் மேல் ஒரு புள்ளியும் சேர்ந்தது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய், அந்த இடத்தில் வேறு குறி வந்துவிடுகிறது. எனவே கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'நூல' என்று தேடிப் பாருங்கள், எல்லாம் வரும். 'ரோடு' என்று தேடினால் 'ரோட்டில்' வராது. 'ரோட' என்றால் இரண்டும் வரும். 'பணம்', 'பணத்தை' இரண்டுக்கும் சேர்த்து 'பண' போதும். இதைப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிப் பாதி, ஒரே சொல்லைப் பல விதமாக எழுதுவதால் வருவது. ஒரே தையல் மெஷினை இன்றைக்கு 'பேட்லாக்' என்றும் நாளைக்கு 'ஃப்ளாட்லாக்' என்றும் எழுதினால் எந்தத் தேடலும் உதவாது. மேலே காட்டிய வரிகளின் கடைசியில் # போட்டு ஒரு சொல் வைத்தது அதற்காகத்தான். அந்தச் சொற்கள் பத்துக்கு மேல் போக வேண்டாம். அவற்றை ஃபைலின் முதல் வரியிலேயே எழுதி வைத்து, எப்போதும் அதே எழுத்தில் போடுங்கள். அப்புறம் #டெலிவரி என்று தேடினால் டெலிவரி மட்டும் வரும்.

மாமனார் எழுதியது ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாததால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து தெரிகிறது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் போட்டால், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறைக்கு மாறிவிடும். தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. இனி எழுதுவதெல்லாம் அதிலேயே இருக்கட்டும். இந்த மாற்றும் வேலையை மகனிடம் கொடுங்கள். மாற்றியதை மாமனாரிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணும் குறிகளும் சில இடங்களில் தவறாக மாறியிருக்கலாம், அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10 முதல், அதிலேயே இருக்கும் டெக்ஸ்ட் ஃபைல் எழுதும் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் சேமிக்கிறது. அதற்கு முந்தையது என்றால், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும். அப்படி மாறியதை மீட்க முடியாது.

ஆண்ட்ராய்டு போனுக்கு மார்க்கர் (Markor) என்ற இலவசச் செயலி இந்த வேலைக்குப் பொருத்தமானது. அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைலையே திறந்து எழுதும். போனில் இருப்பதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் கேபிள் மாட்டி இரண்டு ஃபைலையும் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள், நகலின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி எழுதினால் எது புதிது என்று தெரியாமல் போகும்.

இந்த ஃபைலிடம் சில வேலைகளை எதிர்பார்க்க வேண்டாம். அது மணி அடித்து நினைவூட்டாது. 11, 15 போன்ற கெடு தேதிகளுக்குப் போன் காலண்டரில் தனியாக அலாரம் வையுங்கள். கூட்டல் போடாது, ஆகவே சம்பளக் கணக்கு நோட்டிலோ எக்செல்லிலோ இருக்கட்டும். அப்புறம், யார் திறந்தாலும் திறக்கும் என்பதால் பேங்க் பாஸ்வேர்டு, வேலையாட்களின் ஆதார் எண் இரண்டையும் இதில் எழுதவே கூடாது.

உங்கள் வீட்டுக்காரரின் டைரியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மெஷின் பக்கத்தில் நின்று குறிக்க அதுவே வசதி. வாட்ஸ்அப்பில் வருவதும் வந்துகொண்டுதான் இருக்கும். யூனிட்டைப் பூட்டும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, டைரியிலும் வாட்ஸ்அப்பிலும் அன்று சேர்ந்ததில் தேதி உள்ளதை மட்டும் வேலை ஃபைலுக்கு மாற்றுங்கள். பழைய பாக்கியை எல்லாம் ஒரே நாளில் ஏற்ற வேண்டியதில்லை. வருகிற திங்கட்கிழமை வரும் ஆர்டரிலிருந்து தொடங்குங்கள்.