மிஸ் காணாத புருஷன்

கடிதம்:
வணக்கம் அக்கா. ஹட்டன் பக்கம் நாங்க, கல்யாணமாகி 9 வருஷம். எனக்கு கொழும்புல வேலை, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா தான் வீட்டுக்கு வாறேன். வைஃப் ஆறு மாசமா கவுன்சிலிங் போறா. இப்ப வாய தொறந்தா "நீங்க என்னைய அடக்கி வச்சிருக்கீங்கன்னு மிஸ் சொன்னாங்க" தான். அந்த மிஸ் என்னைய ஒரு நாளும் கண்டதில்ல. கோல் பண்ணி கேட்டா, அப்படி ஒருத்தங்க வாறாங்களான்னே சொல்ல முடியாதுன்னு வச்சிட்டாங்க. இது நியாயமா?

பதில்:
தம்பி, போன வச்சது நியாயம்தான். லயத்துல ஒரு காம்பராவுல இருமினா அடுத்த காம்பராவுக்கு கேக்குற ஊரு நம்மளது, இங்க ஒரு பொம்பளைக்கு மனசுல கெடக்குறத சொல்ல கதவு மூடின ரூம் ஒண்ணு கெடைக்கிறதே பெருசு, புருஷன் கோல் எடுத்தா அந்தக் கதவு தொறக்கும்னா அடுத்த கிழமை அவங்க போவாங்களா?

ஆனா உங்கள காணாமலே மிஸ் அப்படி தீர்ப்பு சொல்லியிருந்தா அது பிழை. அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்து வில்லியம் டோஹர்ட்டி, குடும்ப சிகிச்சை செய்றவர், தனியாளுக்கு கவுன்சிலிங் குடுக்குறவங்க ஒரு பக்கத்த மட்டும் கேட்டு கல்யாணத்த எப்படி கெடுத்துடுறாங்கன்னு 2002லயே எழுதினார். பிரியுறதா சேந்திருக்கிறதான்னு முடிவெடுக்க முடியாம நிக்கிற ஜோடிங்களுக்கு அவர் உண்டாக்கின முறையில அஞ்சு சந்திப்புக்கு மேல கெடையாது, ரெண்டு பேரையும் தனித்தனியாவும் உக்கார வச்சு கேப்பாங்க.

எனக்கும் நடந்திருக்கு. தூக்கம் வரலன்னு தான் போனேன், ரெண்டாவது தடவையே "அவர் மாற மாட்டார், பிரிஞ்சிடுங்க"ன்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவர் சோறு போட்டுத் தந்தப்பவும் எனக்கு காதுல "மாற மாட்டார்"னு தான் கேட்டுச்சு. "இத அவர்கிட்ட சொன்னீங்களா, அவர் என்ன சொன்னார்"னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கல.

இன்னொண்ணு, நானும் இப்ப உங்க கதைய மட்டும் தானே கேக்குறேன். மிஸ் வேற ஏதோ கேட்டிருக்கலாம், வைஃப் தனக்கு சொல்லத் தைரியமில்லாதத மிஸ் வாயில போட்டு சொல்லியிருக்கலாம். கை நீட்டினதா நீங்க எழுதல. அப்படி ஒண்ணு இருந்தா ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்கவே கூடாது, அங்க சொன்னதுக்கு வீட்டுல அடி விழும். அதுக்கு வீட்டு வன்முறையத் தடுக்குற 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க சட்டம் இருக்கு, பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் 1938க்கு வைஃப் கோல் எடுக்கலாம்.

அப்படி இல்லன்னா, அவங்க சம்மதிச்சா ரெண்டு பேரும் வேற ஒரு கவுன்சிலர்கிட்ட போங்க, ஆறு மாசமா அவங்க பக்கத்த மட்டும் கேட்ட மிஸ்கிட்ட இல்ல. அவங்க தனியா போறத நிப்பாட்டச் சொல்லாதீங்க. இந்த தடவை வீட்டுக்கு வந்தா மிஸ் என்ன சொன்னாங்கன்னு கேக்காம, எந்த நேரத்துல அடக்குற மாதிரி இருக்குன்னு அவங்ககிட்டயே கேளுங்க, அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க தம்பி.